பொத்தானுக்கும் படத்துக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர்?

கட்டுரைக்குள் நுழையுமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். 30 செ.மீ. அளவுகோல் ஒன்றும் துணைக்கு ஒரு நண்பரும் இருந்தால் போதும். நண்பர் அளவுகோலின் மேல்முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழ்முனையில், சுழிக் குறிக்கு நேராக, உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கோலில் படாமல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லாமல் கோலை விட்டுவிடுவார். நீங்கள் சட்டென்று பிடிக்க வேண்டும். எந்தக் குறியில் பிடித்தீர்கள்?

20 செ.மீ. குறிக்கு அருகில் பிடித்திருந்தால், இயற்பியல் பாடத்தில் படித்த s = ½gt² என்னும் சமன்பாட்டை நினைவுகூருங்கள். s = 0.2 மீட்டர், g = 9.8 எனக் கொண்டால் t = 0.2 விநாடி. கோல் நழுவியதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, விரலுக்குக் கட்டளை அனுப்பிப் பிடிக்க ஆன நேரம் இது.

இப்போது ஒரு கற்பனை. உங்கள் கண்ணுக்கு முன் ஒரு மாயக்கண்ணாடி இருக்கிறது. நடப்பதையெல்லாம் அது 0.1 விநாடி தாமதித்தே காட்டுகிறது. மொத்தம் 0.3 விநாடி ஆகிறது. அதற்குள் கோல் எவ்வளவு தூரம் விழுந்திருக்கும்? அதே சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: 44 செ.மீ.! கோலின் நீளமோ 30 செ.மீ. தான். நீங்கள் விரலை மூடும்போது கோல் விரல்களைக் கடந்து போயிருக்கும்.

பத்தில் ஒரு பங்கு விநாடி அற்பமானது என்று எண்ணியிருந்தால் இனி அப்படி எண்ண மாட்டீர்கள். மேகக் கணிமை வழியாக ஆடப்படும் வீடியோ விளையாட்டுகளின் முதற்குறையே இந்தச் சிறு தாமதம்தான்.

மேகத்தில் ஓடும் விளையாட்டு

வழக்கமான வீடியோ விளையாட்டில் எல்லா வேலையும் உங்கள் கையிலுள்ள கருவிக்குள்ளேயே நடக்கிறது. பொத்தானை அழுத்துகிறீர்கள், உள்ளே இருக்கும் கணிப்பொறி கணக்கிட்டு அடுத்த படத்தை வரைகிறது, திரை அதைக் காட்டுகிறது. விநாடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 17 மில்லி விநாடி.

மேக விளையாட்டில் அந்தக் கணிப்பொறி உங்கள் கையில் இல்லை. வேறோர் ஊரில், ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தி இணையத்தின் வழியே அங்கே போகிறது. அங்கே வரையப்பட்ட படம் அதே வழியில் திரும்பி வருகிறது. கையிலுள்ள கருவி, வந்த படத்தைக் காட்டும் சிறு தொலைக்காட்சியாகிவிடுகிறது.

இதற்கு ஓர் உண்மையான எடுத்துக்காட்டு ஜப்பானில் உண்டு. நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்கக் கருவி 2017 மார்ச் மாதம் வெளிவந்தது. 'ரெசிடென்ட் ஈவில் 7' என்ற, பெரியவர்களுக்கான திகில் விளையாட்டை ஓட்டும் ஆற்றல் அதற்குப் போதாது. ஆகவே 2018 மே மாதம் அந்த விளையாட்டின் மேகப் பதிப்பு ஜப்பானில் ஸ்விட்சுக்கு வந்தது. கருவியில் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது ஏறத்தாழ 45 மெகாபைட் மட்டுமே. அப்போது 15 நிமிடம் இலவசமாக ஆடிப் பார்க்க முடிந்தது. பிறகு 2,000 யென் செலுத்தினால் 180 நாள் ஆட முடிந்தது.

ஆற்றல் குறைந்த கருவியில் ஆற்றல் மிகுந்த விளையாட்டு! இது நல்ல பயன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன?

தொட்டியில் சேராத தண்ணீர்

"திரைப்படமும் இணையத்தில்தானே வருகிறது? அது தடையின்றி ஓடுகிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

கிணற்றில் நீர் இறைக்கும் மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும், மாடியில் தொட்டி இருந்தால் குழாயில் நீர் ஒழுங்காக வரும். திரைப்படத்திற்கும் இப்படி ஒரு தொட்டி உண்டு. நீங்கள் இந்தக் காட்சியைப் பார்க்கும்போதே அடுத்த சில காட்சிகளைக் கருவி முன்கூட்டி வாங்கிச் சேமித்து வைக்கிறது. இணையம் இரண்டு விநாடி தடுமாறினாலும் உங்களுக்குத் தெரிவதில்லை.

விளையாட்டுக்கு இந்தத் தொட்டி கிடையாது. ஏன்? திரைப்படத்தின் அடுத்த காட்சி முன்பே முடிவாகிவிட்டது. விளையாட்டின் அடுத்த காட்சியோ நீங்கள் இடப்பக்கம் திரும்பப் போகிறீர்களா, வலப்பக்கமா என்பதைப் பொறுத்தது. இன்னும் நடக்காததைச் சேமித்து வைக்க முடியுமா? ஒவ்வொரு படமும் அந்தந்தக் கணத்தில் பிறந்து, உடனே புறப்பட்டு, உடனே வந்து சேர வேண்டும். வழியில் ஒரு துண்டு தொலைந்தால் "மறுபடி அனுப்பு" என்று கேட்கவும் நேரமில்லை. படம் கட்டங்கட்டமாகச் சிதறும். அல்லது உறைந்து நிற்கும்.

ஒளிக்கும் ஒரு வேகம் உண்டு

வெற்றிடத்தில் ஒளி விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும். ஆனால் இணையச் செய்திகள் நெடுந்தூரம் செல்வது ஒளியிழைகளின் வழியே. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. தான்.

சேவைக் கணிப்பொறி டோக்கியோவில் இருக்கிறது என்றும், ஒரு மாணவர் ஒகினாவாத் தீவின் நாஹா நகரில் ஆடுகிறார் என்றும் கொள்வோம். நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 1,550 கி.மீ. போய்வர 3,100 கி.மீ. ஆகும் நேரம் 15.5 மில்லி விநாடி. ஏறத்தாழ ஒரு படத்தின் நேரம் பயணத்திலேயே போய்விட்டது! இழை நேர்க்கோட்டில் செல்வதுமில்லை. எந்தப் பொறியாளராலும் இந்த நேரத்தைக் குறைக்க முடியாது. சேவைக் கணிப்பொறியை அருகில் கொண்டுவந்து வைப்பதுதான் ஒரே வழி.

இதனோடு முடிவதில்லை. கருவியிலிருந்து வைஃபை பெட்டிக்குச் செல்லும் நேரம், வழியிலுள்ள சந்திப்புகளில் காத்திருக்கும் நேரம், படத்தைச் சுருக்கும் நேரம், சுருக்கியதை விரிக்கும் நேரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

தாமதம் மாறாமல் இருந்தாலாவது கை அதற்குப் பழகிவிடும். இந்தத் தாமதமோ கணத்துக்குக் கணம் மாறுகிறது. வைஃபை என்பது பலர் பங்கிட்டுக்கொள்ளும் வானலை. அதே வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை இறக்கினாலும், அடுக்களையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலும் அலைக்கு இடையூறு நேரலாம். 'இந்த முறை நான் தவறினேனா, இணையம் தவறியதா?' என்பது ஆடுபவருக்கே தெரியாது. திறமையைப் பழகிப் பெறும் இன்பத்தையே இது கெடுத்துவிடுகிறது.

சுருக்கினால் சிதையும்

ஸ்விட்சின் சொந்தத் திரையில் 1280 × 720 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்திற்கு 24 பிட்; விநாடிக்கு 60 படங்கள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு ஏறத்தாழ 133 கோடி பிட்! இதை அப்படியே அனுப்ப இயலாது. விநாடிக்கு 1 கோடி பிட் அளவுக்குச் சுருக்குவதாகக் கொள்வோம். அதாவது 133 பங்கில் ஒரு பங்கு.

முன்படத்துக்கும் பின்படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்புவதே சுருக்கத்தின் முக்கிய உத்தி. அசையாத காட்சியில் வேறுபாடு குறைவு. படம் தெளிவாக இருக்கும். நீங்கள் வேகமாகத் திரும்பினால் திரை முழுவதும் மாறுகிறது; அனுப்ப வேண்டியது மிகுந்து படம் மங்குகிறது. அதாவது, கூர்ந்து பார்க்க வேண்டிய பரபரப்பான கட்டத்தில்தான் காட்சி மங்குகிறது!

இன்னொரு கணக்கு. விநாடிக்கு 1 கோடி பிட் என்றால் ஒரு மணி நேரத்திற்கு 3,600 கோடி பிட். எட்டால் வகுத்தால் 450 கோடி பைட், அதாவது 4.5 கிகாபைட். முதலில் இறக்கியது 45 மெகாபைட்தான் என்று மகிழ்ந்தோம். அதுபோல் 100 மடங்கு ஒரே மணி நேரத்தில் செலவாகிறது.

கையில் இருந்தும் கட்டுண்ட கருவி

1989இல் ஜப்பானில் வெளிவந்த கேம் பாய் என்னும் கருவியில் 160 × 144 புள்ளிகளே இருந்தன; நிறமும் இல்லை. ஆனால் நான்கு சிறு பேட்டரிகளும் ஒரு விளையாட்டுப் பேழையும் இருந்தால் ரயிலிலும் மலைச்சரிவிலும் ஆடலாம். 'எங்கும் எடுத்துச் செல்லலாம்' என்பதே கையடக்கக் கருவியின் பெருமை.

மேகப் பதிப்பு இந்தப் பெருமையைப் பறித்துவிடுகிறது. 2017இல் வந்த ஸ்விட்சில் கைப்பேசிச் சிம் கார்டு போட வழியில்லை. வைஃபை இல்லாத இடத்தில் மேக விளையாட்டு வெறும் கறுப்புத் திரை. நல்ல இணையம் உள்ள அறையை விட்டு நகர முடியாத கருவியைக் கையடக்கம் என்று சொல்லலாம். 'எங்கும் செல்வது' என்று சொல்லலாமா?

கடையை மூடினால்?

கடைசிக் குறை அறிவியலைச் சேர்ந்ததன்று, உரிமையைச் சேர்ந்தது. வாங்கிய பேழை உங்கள் அலமாரியில் இருக்கும். மேக விளையாட்டோ மற்றவருடைய கணிப்பொறியில் இருக்கிறது. அவர் நிறுத்தினால் அது நின்றுவிடும்.

இது வெறும் அச்சமன்று. 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆன்லைவ் என்னும் மேக விளையாட்டுச் சேவை 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. கூகிள் நிறுவனத்தின் ஸ்டேடியா 2019 நவம்பரில் தொடங்கி, 2023 ஜனவரி 18இல் நின்றது. ஸ்டேடியாவின் கடையில் விளையாட்டுகள் வாங்கியவர்களுக்குக் கூகிள் பணத்தைத் திருப்பித் தந்தது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் பணம் திரும்பினாலும் விளையாட்டு திரும்பவில்லை.

வேறு வழி இல்லையா?

உண்டு. 'தி விட்சர் 3' என்பது 2015இல் பெரிய கருவிகளுக்காக வந்த மாபெரும் விளையாட்டு. 2019 அக்டோபரில் அதை ஸ்விட்சிலேயே ஓடுமாறு செய்துவிட்டார்கள். எப்படி? புள்ளிகளைக் குறைத்தார்கள், தொலைவிலுள்ள மரங்களையும் நிழல்களையும் எளிமையாக்கினார்கள், 32 கிகாபைட் அட்டை ஒன்றில் அடக்கினார்கள். படம் சற்று மங்கல்தான். ஆனால் இணையம் தேவையில்லை. பொத்தானுக்கும் படத்துக்கும் நடுவில் ஓர் ஊரும் இல்லை.

ஆகவே மேக விளையாட்டு முழுவதும் பயனற்றது என்று முடிவு கட்ட வேண்டாம். சதுரங்கம் போல் யோசித்து ஆடும் விளையாட்டுக்கு 0.1 விநாடி ஒரு பொருட்டன்று. ஒரு விளையாட்டை வாங்குமுன் ருசி பார்க்கவும் அது நல்லதே. கண்ணும் கையும் ஒத்துப்போக வேண்டிய விளையாட்டில்தான் அது இடறுகிறது. 'எல்லாம் மேகத்தில் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், அந்த மேகம் எத்தனை கி.மீ. தொலைவில் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும் என்ற இரு கேள்விகளைக் கேளுங்கள்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. சேவைக் கணிப்பொறி 6,000 கி.மீ. தொலைவில் இருந்தால், ஒளியிழையில் செய்தி போய்வர எத்தனை மில்லி விநாடி ஆகும்? அதற்குள் எத்தனை படங்கள் கடந்துவிடும்?

2. அளவுகோல் சோதனையைப் பத்து முறை செய்து சராசரி காணுங்கள். அந்த நேரத்தோடு முதற்கணக்கின் விடையைக் கூட்டுங்கள். இப்போது உங்களால் 30 செ.மீ. கோலைப் பிடிக்க முடியுமா?