அப்பா துருவிய தேங்காய்

கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை இருக்கிறது. அதற்கு வடக்கே நெய்யாற்றின்கரை. தெற்கே களியக்காவிளை. அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் இங்கே மாநில எல்லை வகுக்கப்பட்டது. ஆனால் வீட்டுப் பழக்கங்கள் மாறவில்லை. இரு பக்கமும் தேங்காய் இல்லாமல் கறி இல்லை. இரு பக்கமும் அடுக்களையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

இந்தப் பகுதியில் ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம்.

அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடியும் முன்பே தோட்டத்துக்குப் போவார். மதியம் திரும்பிவிடுவார். அம்மா முந்திரி ஆலையில் வேலை செய்கிறார். அவர் வீடு வர மாலை ஆகும். மகள் ஏழாம் வகுப்பு. மகன் மூன்றாம் வகுப்பு.

பள்ளி விட்டதும் மகள் தண்ணீர் இறைப்பாள். பாத்திரம் தேய்ப்பாள். முற்றம் பெருக்குவாள். அதன் பிறகே புத்தகத்தைத் தொடுவாள். அப்போது தூக்கம் கண்ணைச் சுற்றும். பரீட்சையில் அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. மகனோ விளையாடப் போவான். அப்பா டீக்கடைக்குப் போவார்.

ஒருநாள் அப்பா மகனைக் கூப்பிட்டார்.

"மக்களே, அக்காவுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்."

"அது பெண்கள் வேலைதானே அப்பா? நீங்க செய்றது இல்லியே!" என்றான் மகன்.

அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. மகன் கண்ணால் கண்டதைத்தான் சொன்னான்.

மறுநாள் மாலை அப்பா டீக்கடைக்குப் போகவில்லை. ஒரு தேங்காயை உடைத்தார். துருவ உட்கார்ந்தார். மகன் ஓடி வந்தான்.

"எங்க பாடப் புத்தகத்திலேயும் இப்படி ஒரு படம் இருக்கு அப்பா!"

அவன் சொன்னது உண்மை. 2024-ஆம் ஆண்டு கேரள அரசு புதிய பாடநூல்களை வெளியிட்டது. மூன்றாம் வகுப்பு நூலில் ஒரு படம் உண்டு. அதில் அப்பா உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். வீட்டு வேலை எல்லாருக்கும் பொது என்று பிள்ளைகள் சிறு வயதிலேயே அறிய வேண்டும். அதற்காகவே அந்தப் படம்.

அன்று துருவிய தேங்காயில் சிரட்டைத் தூளும் விழுந்தது. அம்மா குறை சொல்லவில்லை. "நாளைக்குச் சரியாக வரும்" என்றார். மகன் தானாகவே தட்டுகளை எடுத்து வைத்தான். சில நாட்களில் வாரியலும் அவன் கைக்கு வந்தது. மகளுக்குப் படிக்க ஒரு மணி நேரம் மிச்சமானது.

இது ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல. இந்திய அரசு 2019-இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டது. ஆறு வயதுக்கு மேற்பட்ட 100 பெண்களில் 81 பேர் கூலி இல்லாத வீட்டு வேலை செய்தார்கள். 100 ஆண்களில் 26 பேரே செய்தார்கள். வேலை செய்த பெண்கள் நாளுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் செலவிட்டார்கள். ஆண்கள் செலவிட்டது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

• முதலில் பெற்றோர் செய்ய வேண்டும். பிள்ளை பார்த்துக் கற்கும்.

• ஆணுக்கு ஒரு வேலை, பெண்ணுக்கு ஒரு வேலை என்று பிரிக்கக் கூடாது.

• வயதுக்கு ஏற்ற வேலை தர வேண்டும். சிறு பிள்ளை துணி மடிக்கலாம். தட்டு எடுத்து வைக்கலாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். எரியும் அடுப்பு, அரிவாள், ஆழக் கிணறு ஆகியவற்றின் அருகே தனியே விடக் கூடாது.

• பிள்ளை செய்த வேலையில் குறை இருந்தால் கேலி செய்யக் கூடாது. ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

• வீட்டு வேலை படிப்பையும் விளையாட்டையும் தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது.

வாயால் நூறு முறை சொல்லலாம். கையால் ஒருமுறை செய்து காட்டினால் பிள்ளை கூடவே வந்து நிற்கும்.

சிந்திப்போம், எழுதுவோம்

1. மகனின் கேள்விக்கு அப்பா ஏன் பதில் சொல்லவில்லை?

2. உங்கள் வீட்டில் நேற்று யார் யார் என்ன வேலை செய்தார்கள்? பெயரையும் வேலையையும் எழுதுங்கள்.

3. அதில் எந்த ஒரு வேலையை நாளை முதல் நீங்கள் பிள்ளையோடு சேர்ந்து செய்வீர்கள்?