தற்கொலை நடந்த வீட்டில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

டெல்டா கிராமங்களில் தற்கொலைக்கான காரணங்களை ஆராயப் புறப்படும் சமூகப்பணி மாணவர்கள், காவல் நிலையப் பதிவை மட்டும் நம்பி எழுதிவிட வேண்டாம். "தீராத வயிற்றுவலி" என்ற ஒரே வரிக்குள் எத்தனையோ வீடுகளின் கதை மூடிக்கிடக்கிறது. தொழில் என்ற கட்டத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர் பெயர் சிட்டாவில் இருக்காது. ஆயுளெல்லாம் நடவுக்குப் போன பெண், 'குடும்பத் தலைவி' என்று பதிவாகியிருப்பார். இவர்களை விட்டுவிட்டு விவசாயத் தற்கொலைகளை எண்ணினால் கணக்கே தப்பு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு படிவத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு, மூன்று மாதம் போகட்டும். திண்ணையில் உட்கார்ந்து பங்காளிகள் சொல்வது ஒன்று, உள்ளே மனைவி சொல்வது வேறு. அவரிடம் ஒரு பெண் ஆய்வாளர் தனியே பேசட்டும். "ஏன் இப்படிச் செய்துகொண்டார்?" என்ற கேள்வி அவரையே குற்றவாளியாக்கும். "கடைசி இரண்டு மாதம் எப்படிப் போச்சும்மா?" என்று கேளுங்கள். ஏலத்துக்குப் போன நகை, குழுக்கடன் தவணை, குடி, தூக்கமில்லாத இரவுகள், முன்பே ஒருமுறை முயன்றது எல்லாம் மெல்ல வெளியே வரும்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பா கருகியது. அந்த நேரத்துச் சாவுகளுக்குத் தண்ணீர் இல்லாததே காரணம் என்று எழுதி முடிப்பது பாதி உண்மைதான். அதே வாய்க்காலை நம்பியிருந்த பக்கத்து வயல்காரர் எப்படித் தாங்கினார்? அவர் வீட்டுக்கும் போங்கள். இந்த ஒப்பீடு இல்லாத ஆய்வை நான் ஆய்வாகவே ஏற்க மாட்டேன்.

வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது, பூட்டு உண்டா என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். கொடிய மருந்துகளுக்கு இலங்கை 1995-ல் தடை போட்டது. அடுத்த பத்தாண்டில் அங்கே தற்கொலை விகிதம் பாதியானது. சென்னை 'சினேகா' அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், கடலூர் மாவட்டக் கிராமங்களில் மருந்தை ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். தஞ்சையிலும் இது நடக்கக்கூடியதே.

பேசும்போது, "எனக்கும் போய்ச் சேர்ந்துடலாம்னு இருக்கு" என்று யாராவது சொன்னால் பேனாவைக் கீழே வையுங்கள். அந்த எண்ணம் பற்றி நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அது வளராது. அவரைத் தனியே விடாதீர்கள். மருந்தை வீட்டைவிட்டு அகற்றச் சொல்லி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு உறவினரோடு அனுப்புங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்தால், முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். 104, 14416 என்ற இலவச உதவி எண்களை எழுதிக் கொடுக்காமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பாதீர்கள்.