அப்பாவோட லோடு வண்டிக்குப் புது பேட்டரியா? பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி



சம்பளம் வந்து மூணு நாள்தான் ஆகியிருக்கும். ஊரிலிருந்து அப்பா போன் பண்ணுவார்: "வண்டி ஸ்டார்ட் ஆகலப்பா. பேட்டரி போச்சாம்." உடனே அனுப்பிடுவோம். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் போன்: "இப்போ ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சாம்."

பழைய வண்டிகளில் பல நேரம் போனது இந்த ரெண்டும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற கேபிள்!

ஏன் இப்படி?

ஸ்டார்ட்டர் சுத்தும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். 300 ஆம்பியர்னு வச்சுக்குவோம். கேபிள் முனையில் பச்சை பூத்து, வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 300 × 0.01 = 3 வோல்ட் வழியிலேயே காலி. 12 வோல்ட் வண்டியில் அது கால்வாசி! புது பேட்டரி கொஞ்ச நாள் தம் கட்டி ஓட்டும், அவ்வளவுதான். ஓட்டை அப்படியே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரி நல்லா சார்ஜ் ஆகியிருக்கணும் (ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்). வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிடாதபடி டீசலை நிறுத்திட்டு, செல்ஃப் அடிக்கும்போதே பார்க்கணும்:

1. பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும், ஸ்டார்ட்டரில் தடிமன் கேபிள் சேரும் போல்ட்டுக்கும் நடுவே.
2. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும், ஸ்டார்ட்டர் பாடிக்கும் நடுவே.

மீட்டர் கம்பியை கிளாம்ப் மேல வைக்காம, பேட்டரி முனை மேலயே வைங்க. பொதுவா, 12 வோல்ட் வண்டியில் 0.5 வோல்ட்டைத் தாண்டினா அந்தப் பக்கக் கேபிளோ இணைப்போதான் குற்றவாளி.

மாத்தும்போது

நெகட்டிவை முதலில் கழட்டணும், கடைசியில் மாட்டணும். பழைய கேபிளின் தடிமனுக்குக் குறையாத செம்புக் கேபிள் வாங்கணும். எர்த் பிடிக்கிற இடத்தில் பெயின்ட், துருவைச் சுரண்டி எடுக்கணும். சைலன்சர் பக்கம் உரசாம கொண்டு போகணும். பாசிட்டிவ் மட்டும் மாத்திட்டு எர்த்தை விட்டுடாதீங்க. நிறைய பேர் மறக்கிறது அதைத்தான்.

இப்போ நம்ம கணக்கு

உதாரணத்துக்கு பேட்டரி ₹7,000, ஸ்டார்ட்டர் ₹10,000, கேபிள் ₹3,000னு வச்சுக்குவோம். தப்பான வரிசையில் போனா ₹20,000. முதலில் சோதிச்சிருந்தா ₹3,000.

"பில் இருக்கே, வரியில் கழிச்சுக்கலாம்"னு நினைக்காதீங்க. சின்ன லோடு வண்டிக்கு மாசம் ₹7,500னு அனுமான வருமான முறையில் அப்பா கணக்குக் காட்டினா, ரிப்பேர் செலவைத் தனியா கழிக்க முடியாது. வீணாகிற ஒவ்வொரு ரூபாயும் முழுசா வீட்டுப் பணம்.

அதனால அடுத்த தடவை போன் வந்தா பணம் அனுப்ப வேண்டாம்னு சொல்லலை. வண்டி நின்னா வீட்டு வருமானமும் நிக்கும், அது தெரியும். ஜிபே திறக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அப்பா, செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் வச்சுப் பார்த்தாங்களா? எவ்வளவு காட்டுச்சு?"

ஊர்ல வண்டி வச்சிருக்கிற சித்தப்பா, மாமா இருந்தா இதை அவங்களுக்கும் ஃபார்வர்ட் பண்ணுங்க!