பவர் வால்வைத் திறந்தே பூட்டினால் வண்டி பறக்குமா?

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்ஜின் வேலை நடக்கும் பட்டறைகளில் ஒரு பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை ஏற்றி இறக்கும் பவர் வால்வு, எக்ஸாஸ்ட் வழியை அடைக்கிறதாம். அதைக் கழற்றி எறிந்தாலோ, திறந்த நிலையிலேயே பூட்டிவிட்டாலோ வண்டி பறக்குமாம். முழுத் தவறு. அந்த இன்ஜின் உச்ச சக்தியைத் தரும் வேகத்தில் வால்வு ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கிறது. அங்கே அடைப்பு எதுவும் இல்லை, எடுத்தெறியவும் எதுவும் இல்லை. திறந்தே பூட்டுவதால் மேலே ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. கீழே இருக்கும் இழுவைதான் போகும்.

கணக்குப் போட்டாலே விளங்கும். 9,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்று சுற்ற 6.7 மில்லி செகண்டு ஆகிறது. எக்ஸாஸ்ட் போர்ட் 195 டிகிரி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 3.6 மில்லி செகண்டு. 4,500 ஆர்பிஎம்மில் அதே போர்ட் 7.2 மில்லி செகண்டு திறந்து கிடக்கும். ஆனால் எக்ஸ்பான்ஷன் சேம்பருக்குள் போய் மோதித் திரும்பும் அழுத்த அலையின் பயண நேரத்தைக் குழாயின் நீளமும் உள்ளே இருக்கும் புகையின் சூடும்தான் தீர்மானிக்கின்றன. உச்ச வேகத்தில், போர்ட் மூடும் தறுவாயில் வந்து, வெளியே நழுவிய புதுக் கலவையை உள்ளே திருப்பித் தள்ளுவது அந்த அலைதான். பாதி வேகத்தில் அது போர்ட் இன்னும் திறந்திருக்கும்போதே வந்து ஓய்ந்துவிடுகிறது. பிறகு போர்ட் மூடும்வரை பெட்ரோல் சைலன்சர் வழியாக வெளியே போகிறது. வால்வு தாழ்ந்து போர்ட்டின் மேல் விளிம்பை இறக்கினால் திறப்பு நேரம் சுருங்குகிறது. போர்ட் சீக்கிரம் மூடுவதால் உள்ளே பிடிபட்டு அழுத்தப்படும் கலவையும் கூடுகிறது. ஸ்ட்ரோக் 50 மி.மீ. உள்ள இன்ஜினில் அந்த விளிம்பை 1 மி.மீ. மாற்றினாலே மொத்தத் திறப்பு 4 டிகிரிக்கு மேல் மாறும். அதனால்தான் யமஹா 1977-இல் கிராண்ட் பிரி பந்தய வண்டியிலேயே ஒய்பிவிஎஸ் என்ற தன் பவர் வால்வைப் பொருத்தியது. 1983-இல் சாலை வண்டியான ஆர்டி 350-க்கும் கொடுத்தது. அதே 1983-இல் எஸ்கார்ட்ஸ் இங்கே இறக்கிய ராஜ்தூத் 350, காற்றில் குளிரும் பழைய ஆர்டி. அதில் இந்த வால்வே கிடையாது. இரண்டையும் ஆர்டி 350 என்றே அழைப்பதால், ஒன்றுக்குச் சொன்ன யோசனை இன்னொன்றின் தலையில் விழுகிறது.

வால்வைக் கழற்றியதும் வேகம் உண்மையிலேயே கூடியது என்று சாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. கார்பன் ஏறி, பாதி மூடிய நிலையில் இறுகிக் கிடந்த வால்வைத்தான் அவர்கள் கழற்றியிருக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்து பூட்டியிருந்தால் மேல் வேகமும் வந்திருக்கும், கீழ் இழுவையும் தங்கியிருக்கும். நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸ் வண்டியை உதாரணம் காட்டுவது இன்னொரு வாதம். கொடி விழுந்ததிலிருந்து உச்ச ஆர்பிஎம்மை விட்டு இறங்காத வண்டியோடு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் வண்டியை ஒப்பிடுவதில் என்ன நியாயம்? ஆர்எக்ஸ் 100 வால்வு இல்லாமல் நன்றாக ஓடவில்லையா என்றும் கேட்கிறார்கள். ஓடுகிறது, மாறாத ஒரே உயரத்துக்கென்றே அதன் போர்ட்டை வெட்டியிருக்கிறார்கள். வால்வை நம்பி உயரமாக வெட்டிய போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

மற்றக் கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். பவர் வால்வு டைமிங்கை ஃபிளைவீல் குறியோடு சேர்க்க வேண்டும் என்பது அபத்தம். சர்வோ வால்வை ஆர்பிஎம் பார்த்துக் கண்ட்ரோலர் திருப்புகிறது, கிராங்க் நிற்கும் கோணத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. சாவியைத் திருப்பியதும் சர்வோ மோட்டார் 'விர்ர்' என்று ஒருமுறை ஓடி நிற்பது பழுதல்ல, சுயசோதனை. ஆயிலைக் கூட்டி ஊற்றினால் வால்வு வழுக்கும் என்பதும் வேண்டாத வேலை. எரியாமல் மிஞ்சும் ஆயில்தான் பிசினாகவும் கார்பனாகவும் மாறி அதை இறுக்குகிறது.

கவனம் வேண்டிய இடம் பூட்டும்போதுதான். உருளை வால்வு உள்ள ஆர்டியில் இரண்டு சிலிண்டரின் வால்வும் நடுவில் இணைகின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். சைலன்சரை மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்: முழுதாகத் திறந்த நிலையில் வால்வின் விளிம்பு போர்ட்டின் கூரையோடு சமமாக நிற்க வேண்டும், விரல் வைத்தால் படி தட்டக் கூடாது. தட்டினால் கேபிளைச் சரிசெய்யுங்கள், உலோகத்தை ராவாதீர்கள். சிலிண்டர் போரை நோக்கி நீளும் தகடு வால்வானால், ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டதும் தகட்டின் முனைக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே கிக்கர் மிதிக்க வேண்டும். வால்வைத் திறந்தே பூட்டச் சொல்பவர் கையில் பெரும்பாலும் ஒரு கிரைண்டரும் இருக்கும். போர்ட்டையும் 'கொஞ்சம்' பெரிதாக்கித் தருகிறேன் என்பார். கொடுக்காதீர்கள். இந்த ஆர்டி பிளாக்குகளின் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிறது, ராவிய போர்ட் திரும்ப வளராது. பட்டறைக்குப் போகும் முன் போர்ட்டின் மேல் விளிம்பு பிளாக்கின் மேல்முகத்திலிருந்து எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள். வேலை முடிந்து ஹெட்டைப் பூட்டுவதற்கு முன் அதே இடத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.