காக்கிச் சட்டைக்குள் ஓர் உள்ளம்

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர். உடல் நலத்திற்கு இதைச் சொல்லும் நாம், உள்ள நலத்திற்குச் சொல்வதில்லை. அதிலும் காவலருக்கு உள்ளம் ஒன்று உண்டு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழகக் காவலர்களின் உள்ளம் பட்ட பாட்டை, நான் பயிலும் விலங்கியலின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் கண்டது

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகமெங்கும் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு மாணவன். சில நாள் கழித்து, கட்டட வேலை செய்யும் என் தந்தையார் பாட்டிக்கு மாத்திரை வாங்கச் சைக்கிளில் சென்றார். வழியில் நின்ற காவலர் ஒருவர், மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டுவதற்குள் லத்தியால் கெண்டைக்காலில் அடித்துவிட்டார். அன்று நான் காக்கிச் சட்டையை வெறுத்தேன்.

எங்கள் தெருவில் ஏட்டையா ஒருவர் குடியிருந்தார். இரவுப் பணி முடிந்து வந்தால் வாசலிலேயே குளித்துவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார். அவர் மனைவி படியில் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். சின்ன மகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஒரு நாள் என் தாயார், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்க, "நேத்து சாப்பிட்டேனான்னே ஞாபகம் இல்ல தங்கச்சி" என்றார். தந்தையாரின் காலைப் பார்த்தவர், "நானும் யாரையாவது இப்படி அடிச்சிருப்பேன்" என்று தலைகுனிந்தார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

அறிவியல் கூறுவது

ஆபத்தைக் கண்டதும் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. சிறிது நேரத்திற்கு இது நன்மையே. ஆனால் நெருக்கடி நாள்கணக்கில் நீடித்தால், அதே ஹார்மோன் உறக்கத்தையும் நோய் எதிர்ப்பாற்றலையும் கெடுக்கிறது. ஹான்ஸ் செலியே 1936-இல் இதனை எச்சரிக்கை, எதிர்ப்பு, களைப்பு என மூன்று கட்டங்களாக விளக்கினார்.

மூன்றாம் கட்டத்தை ஒட்டியதே பணிச்சோர்வு. 1974-இல் அமெரிக்க உளவியலார் ஃபிராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறினார். உள்ளம் வறண்டு போதல் முதலாவது. எதிரில் நிற்பவரை மனிதராகக் கருதாமை இரண்டாவது. செய்யும் வேலையால் பயனில்லை என எண்ணுதல் மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதனை நோய் என்று கூறாமல், பணியிடத்தில் விளையும் ஒரு நிலை என்றே வகைப்படுத்தியது. ஆகவே இதற்கான மருந்தைப் பணியிடத்திலும் தேடவேண்டும் என்பது தெளிவு.

காவலர் நிலை

ஊரார் வீட்டில் அடைந்திருந்தபோது காவலர் சோதனைச் சாவடியிலும், சந்தையிலும், தொற்றுப் பகுதித் தடுப்புகளின் முன்பும் நின்றனர். வெயிலில் முகக்கவசம், வீடு திரும்பினால் குழந்தைக்குத் தொற்றிவிடுமோ என்ற அச்சம். 2020 ஜூனில் சென்னை மாம்பலம் காவல் ஆய்வாளர் ஒருவர் இத்தொற்றுக்கு உயிரிழந்தார். உடன் பணிபுரிந்தோரின் மனநிலையை நாமே உணரலாம்.

அதே ஜூன் மாதத்தில்தான் சாத்தான்குளத்தில் காவல்துறையினர் அழைத்துச் சென்ற தந்தையும் மகனும் உயிரிழந்து, நாடே அதிர்ந்தது. சோர்வு எந்தக் கொடுமைக்கும் சாக்கு ஆகாது. களைத்த காவலர் எல்லோரும் கை நீட்டுவதில்லை. குற்றத்திற்குத் தண்டனை சட்டத்தின் வேலை. சோர்வைத் தடுப்பது நிர்வாகத்தின் வேலை. ஒன்றைச் செய்தால் மற்றதை விட்டுவிடலாம் என்பதில்லை. மாஸ்லாக் கூறிய இரண்டாம் அடையாளம் லத்தி ஏந்திய கையில் தோன்றினால், அடி விழுவது என் தந்தையார் போன்ற ஏழையின் காலில் அன்றோ!

செய்ய வேண்டியவை

பெருந்தொற்றுக்கு முன்பே, 2018-இல், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையுடன் தமிழகக் காவலர்களுக்கான நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கப்பட்டது. 2021-இல் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என அரசு ஆணையிட்டது. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும் ஆணை ஏட்டளவில் நின்றுவிடலாகாது. ஓய்வு நாளில் மீண்டும் பணிக்கு அழைக்கக் கூடாது. மனநல ஆலோசனை பெற்றவரைக் கோழை என்று ஏளனம் செய்யும் வழக்கம் ஒழிய வேண்டும். அவர் கூறுவது மேலதிகாரியின் காதுக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும்.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நம் கல்லூரியில் காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தோழர்கள் பலர் உள்ளனர். நாளை காக்கி அணியப்போகும் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: களைப்பு வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், எதிரே சைக்கிளில் வருபவர் சீட்டை எடுக்கும்வரை பொறுத்திருங்கள். என் தந்தையாரின் காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. என் வெறுப்பு மறைந்துவிட்டது. என் கேள்வி மறையவில்லை.