பால் குடித்தால் பசை நெடி முறியுமா?

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் ஷூ ஆலைக்கு 2024 நவம்பரில். மக்காச்சோளமும் முந்திரியும் பார்த்த கைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மாதச் சம்பளம் வருவது நல்லதுதான். தொழிலோடு அதன் பழைய நம்பிக்கைகளும் வந்து சேரும் என்பதால் இந்தக் குறிப்பு.

‘தினம் ஒரு டம்ளர் பால் குடித்தால் பசை நெடி முறிந்துவிடும்.’ தூசுக்கு வெல்லம் தின்றால் போதும் என்ற நம்பிக்கையின் தம்பி இது. பால் போவது வயிற்றுக்கு. ஷூ ஒட்டும் பசையின் ஆவி போவது நுரையீரல் வழியாக நேரே ரத்தத்துக்கு. பால் சத்தானது, குடிக்கலாம். மருந்தாக நினைத்துத்தான் குடிக்கக் கூடாது.

‘முதல் வாரம் தலை வலிக்கும், அப்புறம் உடம்பு பழகிவிடும்.’ இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. பழகுவது மூக்கு மட்டுமே. பல பசைகளில் கரைப்பானாக இருக்கும் ஹெக்ஸேனை, நரம்பைச் சிதைக்கும் பொருளாகக் கல்லீரல் மாற்றுகிறது. நீளமான நரம்புகளே முதலில் அடிபடும். அதனால் பாதம் மரத்துப்போவதில் தொடங்கும். 1960களில் ஜப்பானில் செருப்பு ஒட்டியவர்களிடம் இது பரவலாகத் தெரிந்தது. வேலையை நிறுத்திய பிறகும் பாதிப்பு சில மாதங்கள் முற்றக்கூடும். இன்னொரு கரைப்பானான பென்சீன் ஹெக்ஸேனைவிடக் கொடியது. இஸ்தான்புல் மருத்துவர் முஸஃபர் அக்சோய், பென்சீன் கலந்த பசையோடு உழைத்த ஷூ தொழிலாளர்களில் ரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வந்த 26 பேரைப் பற்றி 1974இல் எழுதினார்.

‘கர்ச்சீப் கட்டியிருக்கிறேன், ஃபேன் ஓடுகிறது.’ துணி தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஃபேன் ஒரு மேசையின் நெடியைப் பக்கத்து மேசைக்கும் பங்கு வைக்கும். பசை தடவும் இடத்திலேயே ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வேண்டும். முடிந்தால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பசைக்கு மாற வேண்டும். இரண்டுமே முதலாளி செலவு செய்ய வேண்டியவை. பால் மலிவு என்பதும் அது இத்தனை காலம் நிலைத்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கையில் ஒட்டிய பசையைத் தின்னர் ஊற்றித் துடைப்பதையும் விட்டுவிடுங்கள். தோல் வழியாகவும் அது உள்ளே போகும்.

கால் மரத்துப்போனால் மருத்துவர் முதலில் சர்க்கரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ‘பசை ஒட்டும் வேலை, இத்தனை வருடமாக’ என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். டப்பாவின் லேபிளை ஒரு போட்டோ எடுத்துப் போனால் இன்னும் நல்லது.