இரவை அளந்து பூக்கும் கொடி

காச்சாங் போத்தோல் உங்கள் வீட்டு வேலியில் படர்ந்திருக்கலாம். இல்லையென்றாலும் சந்தையில் பார்த்திருப்பீர்கள். நான்கு பக்கமும் சிறகு வைத்தாற்போல் இருக்கும் அந்தக் காய்க்குத் தமிழில் சிறகவரை என்று பெயர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கும் என் அக்கா, சென்ற ஆண்டு அதைத் தன் வீட்டுப் பின்புறத்தில் நட்டார். விதை இங்கிருந்து போனதல்ல. அங்கே விதை கொண்டுபோகக் கட்டுப்பாடு மிகக் கடுமை. உள்ளூர்க் கடையில்தான் வாங்கினார்.

பூமியின் தென்பாதியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைக்காலம். நவம்பரில் நட்ட கொடி ஜனவரியில் வேலியையே மூடிவிட்டது. ஆனால் ஒரு பூகூட இல்லை. "நீதானே சயன்ஸ் டீச்சர், என்ன கோளாறுன்னு சொல்லு" என்று அக்கா படம் அனுப்பினார். நைட்ரஜன் உரம் அதிகமானால் இலைதான் வரும், பூ வராது என்பது நமக்குத் தெரிந்த பாடம். உரத்தை நிறுத்தச் சொன்னேன். அக்கா நிறுத்தினார். பிப்ரவரி முடிந்தது, அப்போதும் பூவில்லை. "பிடுங்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் நான் தவறான இடத்தில் காரணம் தேடுகிறேன் என்று உறைத்தது. ஏப்ரல் வரை பொறுக்கச் சொன்னேன். ஏப்ரல் நடுவில், இலையுதிர்காலம் பாதி கடந்த வேளையில், முதல் நீலப் பூ மலர்ந்தது. பிறகு காய்களும் வந்தன.

"வெயில் தணிந்ததும் பூத்துவிட்டது" என்று அக்கா முடிவுகட்டினார். இதைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் சற்று யோசியுங்கள். கிள்ளானிலும் ஈப்போவிலும் வெயில் எங்கே தணிகிறது? இதே கொடி இங்கே நன்றாகப் பூக்கிறதே! அப்படியானால் நம் ஊருக்கும் பெர்த்தின் ஏப்ரல் மாதத்திற்கும் பொதுவாக இருப்பது என்ன?

இரவின் நீளம். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் 20 நிமிடம்தான். பெர்த்தில் அப்படியல்ல. கோடையின் உச்சத்தில் பகல் சுமார் 14 மணி நேரம், இரவு வெறும் 10. மார்ச் 20, 21 வாக்கில் இரண்டும் சமமாகும். அதன்பின் இரவு நீளும். சிறகவரை அந்த நீண்ட இரவுக்காகத்தான் காத்திருந்தது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். 'மேரிலேண்ட் மாமத்' என்ற புகையிலை வகை கோடையில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தும் பூக்கவில்லை. அதுவே குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பமா, உரமா என்று பலவற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் கோடையிலேயே செடியைத் தினமும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்தார்கள். பூத்துவிட்டது! 1920-இல் அந்த ஆய்வு வெளியானது. இப்படிப்பட்ட செடிகளுக்குக் 'குறும்பகல் தாவரங்கள்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் சற்றுப் பிசகிவிட்டது என்பது என் எண்ணம். ஏனென்றால் நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டாலே இவற்றில் பல பூக்காமல் போவது பின்னர் தெரியவந்தது. அவை உண்மையில் அளப்பது இடையறாத இருட்டை.

எப்படி அளக்கின்றன? இலைகளில் பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்திற்கு மாறும்; இருட்டில் மெல்லப் பழைய வடிவத்திற்குத் திரும்பும். வெளிச்சம் எப்போது போனது, எப்போது வந்தது என்று செடிக்குச் சொல்வது இதுதான். செடிக்குள் ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் ஓர் உயிர்க் கடிகாரமும் உண்டு. இரண்டும் சேர்ந்து இரவின் நீளத்தைக் கணிக்க, 'பூக்கலாம்' என்ற செய்தி இலையிலிருந்து தண்டின் நுனிக்குப் போகிறது.

வெப்பத்தை நம்பாமல் இரவை நம்புவதில் செடிக்கு லாபம் உண்டு. மார்ச்சில் திடீரென்று வெயில் கொளுத்தலாம், திடீரென்று குளிரலாம். ஆனால் ஏப்ரல் 15 இரவின் நீளம் ஆண்டுதோறும் ஒன்றேதான். அதற்காகக் குளிருக்கு வேலையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அக்கா வீட்டுத் திராட்சைக் கொடியின் இலைகள் மஞ்சளாவதில் இரவின் நீளத்தோடு குளிருக்கும் பங்கு உண்டு. பச்சையம் சிதைந்தபின், ஏற்கெனவே இலைக்குள் இருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன.

கேமரன் மலைக்கு இரவில் போனவர்கள், விளக்கு எரியும் பூப்பண்ணைக் கூடாரங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வளரும் செவ்வந்தியும் குறும்பகல் தாவரம்தான். நம் நாட்டின் 12 மணி நேர இரவில் அதை அப்படியே விட்டால், தண்டு நீளுமுன் அவசரப்பட்டுப் பூத்துவிடும். அதனால் விளக்குப் போட்டுக் கோடைக்காலம் என்று அதை நம்பவைக்கிறார்கள். தண்டு போதிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

நீங்களும் வீட்டில் சோதிக்கலாம். ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த சிறகவரை விதைகளை இரண்டு பெரிய தொட்டிகளில் ஊன்றுங்கள். ஒன்று இரவு முழுவதும் எரியும் வாசல் விளக்கின் கீழே இருக்கட்டும். மற்றது விளக்கு வெளிச்சமே படாத இடத்தில். பகல் வெயில், மண், உரம், தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் சமமாக இருக்க வேண்டும். தெருவிளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மொட்டு எந்தத் தொட்டியில், எந்தத் தேதியில் வந்தது என்று குறித்துவையுங்கள். மின்கட்டணத்தைப் பற்றி அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.